ஏற்காடு இறக்கத்தில் வெடித்த டியூப்: ரிம் பிரேக்தான் காரணமா?

நீங்கள் கேட்டிருப்பது மேலோட்டமாகப் பார்த்தால் ‘ரிம் பிரேக்கா, டிஸ்க் பிரேக்கா’ என்ற பழைய சண்டைதான் (முன்னது சக்கர வளையத்தையே, அதாவது ரிம்மையே பிடிக்கும்; பின்னது அச்சுக்குப் பக்கத்தில் இருக்கும் தனித் தட்டைப் பிடிக்கும்). முழுதாகப் படித்தால் உங்களை உறுத்துவது வேறு. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏற்காடு ஏறிவிட்டு இறங்கும்போது, கை வலிக்கிறதென்று ஒரு கொண்டை ஊசி வளைவில் ஓரமாக நிறுத்தியிருக்கிறீர்கள். நிறுத்தி ஒரு நிமிஷம் ஆவதற்குள் முன் சக்கர டியூப் தானாக வெடித்திருக்கிறது. ரிம்மில் கை வைக்க முடியாத சூடு. கூட வந்தவர்கள் ‘மலைக்கு ரிம் பிரேக் ஆகாது, டிஸ்க் வாங்கு’ என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். ஓடும்போது வெடிக்காத டியூப் நின்றபிறகு ஏன் வெடித்தது, இதே சைக்கிளில் மறுபடி மலைக்குப் போகலாமா, சூடான ரிம்மில் தண்ணீர் ஊற்றலாமா. இவைதான் உண்மையான கேள்விகள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

நான் படித்தது உலோகவியல். சேலத்தில் எஃகை உலையில் வைத்துப் பதப்படுத்தும் வேலையில் பல வருஷம் இருந்தவன். சைக்கிளைக் கழற்றி மாட்டுவது ஓய்வு நேரப் பித்து. அதனால் சூட்டைப் பற்றி நான் சொல்வதை ஓரளவு நம்பலாம்; வேகமாக இறங்கும் வித்தையை என்னைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர்கள் இருக்கிறார்கள். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: புது சைக்கிள் வேண்டாம். பிரேக் ரிம்மைச் சூடேற்றியது உண்மை. ஆனால் நீங்கள் போட்டிருக்கும் படத்தைப் பார்த்தால் டியூபைக் கிழித்தது அந்தச் சூடு மட்டும் அல்ல, உள்ளே ரிம்முக்கும் டியூபுக்கும் நடுவே ஸ்போக் ஓட்டைகளை மூடியிருக்கும் பட்டையும்தான், அதாவது ரிம் டேப்.

முதலில் கணக்கு. ஏற்காட்டுக்கும் அடிவாரத்துக்கும் நடுவே உயர வித்தியாசம் சுமாராக 1000 மீட்டர், ரோட்டின் நீளம் சுமாராக 20 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதாவது சராசரியாக நூற்றுக்கு 5 சரிவு. உங்கள் எடை 71 கிலோ, சைக்கிள் 14 என்று எழுதியிருக்கிறீர்கள், மொத்தம் 85. இவ்வளவு எடை 1000 மீட்டர் கீழே வந்தால் ஏறக்குறைய 8.3 லட்சம் ஜூல் எங்கேயாவது போயாக வேண்டும். இரண்டரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கத் தாராளமாகப் போதும். இதில் டயர் உருளும்போது கொஞ்சம் தின்னும். மீதியை எதிர்க்காற்றும் பிரேக்கும் பங்கு போட்டுக்கொள்கின்றன. காற்றுக்குப் போனது பிரச்சினை இல்லை. பிரேக்குக்குப் போனது முழுக்கச் சூடாகிறது.

இந்தப் பங்கீட்டை முடிவு செய்வது உங்கள் வேகம். இங்கேதான் பலருக்கும் நம்பச் சிரமமான ஒன்று இருக்கிறது. நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் ஒருவருக்கு, நூற்றுக்கு 5 சரிவில், சீரான வேகத்தில் இறங்குவதாகக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மணிக்கு 10 கிலோமீட்டரில் இறங்கினால் பிரேக்குகளில் சேரும் சூடு ஏறக்குறைய 100 வாட். 24 கிலோமீட்டரில் இறங்கினால் 160. அதற்கு மேல் வேகம் கூடக்கூடச் சூடு குறைய ஆரம்பிக்கும். 35-இல் மறுபடி 100-க்கு வந்துவிடும், 41 வாக்கில் பிரேக்கே தேவையில்லாமல், வேகம் அதற்கு மேல் ஏறாதபடி காற்றே பிடித்து வைத்துக்கொள்ளும். காரணம், காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. ஆக, ரிம் அதிகம் சூடாவது வேகமாகப் போகிறவருக்கும் இல்லை, ஆமை வேகத்தில் போகிறவருக்கும் இல்லை. ‘பத்திரமாகப் போகிறேன்’ என்று நடுத்தர வேகத்தில் பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே வருகிறவருக்கு. நூற்றுக்கு 8 சரிவுள்ள இடங்களில் இந்த நடுவேகம் மணிக்கு 30 வாக்கில் வரும், சூடும் இரண்டு மடங்கைத் தாண்டும். ஆளின் உடல்வாகு, சட்டை, எதிர்க்காற்று எல்லாம் பார்த்து எண்கள் முன்பின் நகரும். நடுவில் ஒரு மேடு இருக்கிறது என்பதில் மட்டும் சந்தேகமே இல்லை.

நீங்கள் 20 முதல் 25 வேகத்தில், இரண்டு பிரேக்கையும் அழுத்தியபடியே வந்ததாக எழுதியிருக்கிறீர்கள். கை வலித்ததும் அதனால்தான்.

இப்போது டிஸ்க் விஷயம். அலுமினிய ரிம் ஒன்று சுமாராக அரைக் கிலோ இருக்கும். (அலுமினியத்துக்கும் இந்த மலைக்கும் பழைய உறவு உண்டு. சேர்வராயன் மலையில் வெட்டிய பாக்சைட்தான் ஒரு காலத்தில் மேட்டூர் அலுமினிய ஆலைக்குப் போனது.) டிஸ்க் பிரேக்கின் தட்டு, 160 மில்லிமீட்டர் அளவென்றால், 110 கிராம் வாக்கில் வரும் எஃகு. ஒரே எடைக்கு எஃகைவிட அலுமினியம் ஏறக்குறைய இரண்டு மடங்கு சூட்டை வாங்கிக்கொள்ளும். ஒரு கொண்டை ஊசி வளைவுக்கு முன்னால் 35-லிருந்து 12-க்கு வேகத்தைக் குறைக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டால் வெளியாவது ஏறக்குறைய 3500 ஜூல். அத்தனையும் ஒரே சக்கரத்தில் இறங்கினால், ரிம்மின் சூடு 8 டிகிரி ஏறும். அதே ஜூல் டிஸ்க் தட்டில் இறங்கினால் 60 டிகிரிக்கு மேல் ஏறும். டிஸ்க் வாங்கினால் சூடு வராது என்று உங்களுக்குச் சொன்னவர்கள் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். டிஸ்க் பிரேக்தான் அதிகம் சூடாகும். அதன் சௌகரியம், அந்தச் சூடு டியூபுக்குப் பக்கத்தில் இல்லை, நடுவில் அச்சுக்குப் பக்கத்தில் இருக்கிறது என்பதுதான்.

சரி, சூடு ஏறினால் டியூப் வெடிக்குமா? காற்றழுத்தம் ஏறித்தான் வெடித்தது என்பது எல்லோரும் சொல்கிற காரணம். அதையும் கணக்கில் பார்ப்போம். காலையில் சேலத்தில் 28 டிகிரியில் 80 பிஎஸ்ஐ அடித்தீர்கள். உள்ளே இருக்கும் காற்று முழுதும் 90 டிகிரிக்குப் போனாலும் அழுத்தம் ஏறக்குறைய 100 பிஎஸ்ஐ ஆகும், அவ்வளவுதான். உங்கள் டயரின் பக்கவாட்டில் 85 என்று எழுதியிருப்பது உண்மை; ஆனால் நல்ல டயரும் ரிம்மும் எழுதியிருக்கும் அளவைவிடக் கணிசமாக அதிகம் தாங்கும்படிதான் செய்யப்படுகின்றன. 20 பிஎஸ்ஐ ஏறியதால் மட்டும் ஆரோக்கியமான டியூப் வெடிக்காது. இதை உறுதியாகச் சொல்வேன். ஏற்கெனவே பலவீனமான ஓர் இடம் இருந்திருக்க வேண்டும்.

அந்த இடம் படத்தில் தெரிகிறது. பெரிதாக்கிப் பாருங்கள்: கிழிசல் டியூபின் வெளிவட்டத்தில் இல்லை, உள்வட்டத்தில், ரிம்மைப் பார்த்த பக்கம். நட்சத்திரம் போலச் சின்னதாக, அதைச் சுற்றி விரல் நுனி அளவுக்கு வட்டமாக ஒரு புடைப்பு. அதே வரிசையில், கிழியாத இன்னும் இரண்டு புடைப்புகள் சம தூரத்தில் இருக்கின்றன. அந்தத் தூரத்தை அளந்து பாருங்கள். ரிம்மில் ஒரு ஸ்போக் ஓட்டைக்கும் அடுத்த ஓட்டைக்கும் உள்ள தூரத்தோடு அது ஒத்துப்போகும் என்று நினைக்கிறேன். இரட்டைச் சுவர் ரிம்மில், ஸ்போக்கின் நிப்பிளை (ஸ்போக்கை ரிம்மில் பூட்டும் சின்னத் திருகை) உள்ளே விடுவதற்காக மேல் சுவரில் எட்டரை மில்லிமீட்டர் வாக்கில் ஓட்டை இருக்கும். அதை மூடியிருப்பது ரிம் டேப் மட்டும்தான். 80 பிஎஸ்ஐ அழுத்தத்தில் ஒவ்வோர் ஓட்டையின் மேலும் 3 கிலோவுக்குக் கொஞ்சம் கூடுதலான எடை எப்போதும் உட்கார்ந்திருக்கிறது. விலை குறைந்த சைக்கிள்களில் கடையிலிருந்தே வருவது இழுத்தால் நீளும் கறுப்பு ரப்பர் பட்டை. சாதாரண நாளில் தாங்கிவிடும். சூடானால் இளகி, ஓட்டைக்குள் கிண்ணமாகக் குழிந்து இறங்கும். டியூபும் கூடவே இறங்கும். ஓட்டையின் விளிம்பு கூர்மையாக இருந்தால் அங்கே கிழியும். டயரைக் கழற்றி டேப்பைத் தடவிப் பாருங்கள். ஓட்டை இருக்கும் இடமெல்லாம் குழி விழுந்திருந்தால் வழக்கு முடிந்தது.

கிழிசலின் இடம் எப்போதும் நல்ல சாட்சி. வெளிவட்டத்தில் பொத்தல் என்றால் ரோட்டில் கிடந்த முள்ளோ கண்ணாடியோ. பாம்பு கடித்த மாதிரி இரட்டைப் பொத்தல் என்றால் காற்றுக் குறைவாக வைத்துக் குழியில் இடித்தது. ஒரு சாண் நீளத்துக்கு நேராகக் கிழிந்திருந்தால் டயரின் ஓரம் ரிம்மை விட்டு மேலே ஏறி டியூப் வெளியே பிதுங்கியது. உங்களுடையது இந்த மூன்றும் இல்லை.

நின்றபிறகு ஏன் வெடித்தது என்பதற்கு வருகிறேன். இதில் என் பதில் அனுமானம்தான், ஆனால் காரணத்தோடு கூடிய அனுமானம். ஓடும்போது ரிம்மின் மேல் காற்று வீசிக்கொண்டே இருக்கிறது. சூடு ஏறுவதும் ஆறுவதும் சேர்ந்தே நடக்கின்றன. நின்றதும் வீச்சு நின்றுவிடுகிறது. அலுமினியம் சூட்டை வேகமாகக் கடத்தும், ஆனால் டேப்பும் டியூபும் மெதுவாகத்தான் வாங்கும். ஆக, பிரேக்கை விட்டபிறகும் உள்ளே இருக்கும் ரப்பரின் சூடு கொஞ்ச நேரம் ஏறிக்கொண்டே இருக்கும். தவிர, டேப் இளகி ஓட்டைக்குள் இறங்குவது சட்டென்று நடப்பதல்ல. அழுத்தமும் சூடும் சேர்ந்து மெல்லத் தள்ளும். நீங்கள் நிறுத்திய நேரமும் டேப் கைவிட்ட நேரமும் ஒன்றாகிவிட்டன. நிற்காமல் வந்திருந்தால் அடுத்த வளைவில் வெடித்திருக்கலாம், முன் சக்கரம், நல்ல வேகத்தில். நின்றபோது வெடித்ததை நல்லகாலம் என்றுதான் சொல்வேன்.

டியூபில் ஏற்கெனவே இரண்டு ஒட்டு இருப்பதாகவும் சொன்னீர்கள். சொல்யூஷன் தடவி நன்றாகக் காயவைத்து ஒட்டிய பேட்ச் பல வருஷம் நிற்கும். அவசரத்தில் ஒட்டியது, அதுவும் அன்றைக்கோ முந்தின நாளோ ஒட்டியது, சூட்டில் ஓரம் தூக்கும். மலைக்குப் போகும் நாளில் முன் சக்கரத்தில் ஒட்டுப் போடாத டியூப் இருக்கட்டும். ஒட்டுப் போட்டதைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு சொன்னதால் டிஸ்க் பிரேக் வீண் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மழையில் அதற்கு நிகர் இல்லை. நனைந்த ரிம்மில் பிரேக் கட்டை முதலில் தண்ணீரை வழித்துத் தள்ளிவிட்டுத்தான் பிடிக்க ஆரம்பிக்கும். பழைய ஸ்டீல் ரிம் என்றால் பிடிக்கும் என்றுகூடச் சொல்ல முடியாது. ஐப்பசி மழையிலும் மலை ஏறுவேன் என்றால் டிஸ்க் நியாயமான ஆசை. ரிம் தேயாது என்பதும் பெரிய லாபம். ஆனால் மலைக்கு ரிம் பிரேக்கே ஆகாது என்றால், 1910-இல் பிரெனீஸ் மலைகளில் ஏறி இறங்கிய டூர் டி பிரான்ஸ் பந்தயக்காரர்களிலிருந்து பல தலைமுறை அதை எப்படிச் சமாளித்தது? பந்தய ரோடு சைக்கிள்களில் டிஸ்க் பிரேக்கை உலக சைக்கிள் சங்கம் முழுமையாக அனுமதித்ததே 2018-இல்தான். அதற்காக அவர்கள் யாரும் விழவில்லை என்று சொல்ல மாட்டேன். 2003 டூரில் ஸ்பெயின் வீரர் ஜோசெபா பெலோக்கி, வெயிலில் தார் இளகிக் கிடந்த இறக்கத்தில் பின் சக்கரம் வழுக்கி, டயர் ரிம்மை விட்டுக் கழன்று, தொடை எலும்பு முறிய விழுந்தார். ஆனால் அது ரிம்மில் பசை போட்டு ஒட்டும் வகை டயர். உங்களுடையது ஓரக் கம்பியால் ரிம்மைக் கவ்விக்கொள்ளும் வகை.

டிஸ்க் வாங்கினாலும் சூட்டிலிருந்து விடுதலை இல்லை. விலை குறைந்த ஒயர் டிஸ்க்கில் பல, ஒரு பக்கக் கட்டை மட்டும் நகர்ந்து தட்டை மறுபக்கம் அழுத்துகிற வகை. இறக்கத்தில் பிடித்துக்கொண்டே வந்தால் கட்டையின் முகம் கண்ணாடி மாதிரி வழவழப்பாகிப் பிடி குறையும். ஆயில் டிஸ்க்கில் ஆயில் பழசாகித் தண்ணீர் கலந்திருந்தால், சூட்டில் ஆவியாகி லீவர் ஹேண்டில்பார் வரை வந்து இடிக்கும். என் தொழில் சம்பந்தப்பட்ட ஒன்று: டிஸ்க் தட்டில் வைக்கோல் நிறமோ நீலமோ படிந்திருப்பதைப் பார்த்து ‘300 டிகிரி போயிருக்கிறது’ என்று சிலர் அடித்துச் சொல்வார்கள். அந்த நிற அட்டவணை சாதா எஃகுக்கு உரியது. டிஸ்க் தட்டு குரோமியம் கலந்த எஃகு, நம் எவர்சில்வர் பாத்திரத்தின் உறவுக்காரன். அதில் அதே நீலம் வர இன்னும் அதிகச் சூடு வேண்டும். எவ்வளவு நேரம் சூட்டில் இருந்தது என்பதைப் பொறுத்தும் நிறம் மாறும். ஆகவே நிறத்தைப் பார்த்து ‘நன்றாகச் சுட்டிருக்கிறது’ என்று சொல்லலாம், டிகிரி சொல்லக்கூடாது.

ஓட்டும் முறையில் நீங்கள் மாற்ற வேண்டியது ஒன்றுதான்: நேர்ப்பாதையில் பிரேக்கை விடுங்கள், வளைவுக்கு முன்னால் நிமிர்ந்த சைக்கிளில் இரண்டையும் சேர்த்து அழுத்தமாகப் பிடித்து வேகத்தைக் குறையுங்கள், திரும்பும்போது விட்டுவிடுங்கள். இரண்டு பிடிக்கும் நடுவே ரிம் ஆறும், காற்று தன் பங்கை எடுத்துக்கொள்ளும், கைக்கும் ஓய்வு. நெஞ்சை நிமிர்த்தி, முட்டியை விரித்து உட்கார்ந்தால் காற்று இன்னும் அதிகம் வாங்கும். ‘முன்னும் பின்னுமாக மாற்றி மாற்றிப் பிடி’ என்று சொல்வார்களே, அதில் பெரிய லாபம் எனக்குத் தெரியவில்லை. சராசரிச் சூடு இரண்டு வழியிலும் ஒன்றுதான். மாற்றிப் பிடித்தால் ஒரு கைக்கு ஓய்வு கிடைக்கும், அது நல்லதுதான். ஆனால் பின் பிரேக்கை மட்டும் நம்பாதீர்கள். இறக்கத்தில் எடை முன்னால் சாய்ந்துவிடும், பின் சக்கரம் சுலபமாக வழுக்கும்.

இதெல்லாம் ரோடு காலியாக இருந்தால். ஏற்காடு ரோட்டில் 20 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றிலும் மேலே ஏறும் பஸ் முழு ரோட்டையும் எடுத்துக்கொண்டுதான் திரும்ப முடியும். குரங்குகள் வேறு, யாரோ வீசிய பொட்டலத்துக்காக நடு ரோட்டில் உட்கார்ந்திருக்கும். கோடை விழா சமயத்தில் கார் வரிசை. அந்த மாதிரி நாளில் 35 வேகம் பற்றிய என் கணக்கை மறந்துவிடுங்கள். மெதுவாகத்தான் இறங்கியாக வேண்டுமென்றால் உண்மையிலேயே மெதுவாக, 10, 12-இல் இறங்குங்கள், நாலைந்து வளைவுக்கு ஒருமுறை ரிம் ஆறும்வரை நில்லுங்கள். பின்னால் குழந்தை சீட்டோ மூட்டையோ வைத்திருந்தால் இந்த வழி ஒன்றுதான்.

சைக்கிளில் செய்ய வேண்டியது: பழைய ரப்பர் பட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டு, ரிம்மின் உள் அகலத்துக்குச் சரியான துணி ரிம் டேப், இல்லையென்றால் நீளாத கெட்டி நைலான் வகை ஒட்டுங்கள். அகலம் குறைந்தால் ஓட்டையின் ஓரம் தெரியும், அகலம் கூடினால் டயர் ஓரம் சரியாக உட்காராது. அதற்கு முன் ஓட்டைகளின் விளிம்பை விரலால் தடவிப் பார்த்து, பிசிறு இருந்தால் உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். பிரேக் கட்டையைக் கழற்றிப் பாருங்கள். அலுமினியத் துணுக்குகள் பதிந்து மினுங்கினால் ஊசியால் நோண்டி எடுங்கள் அல்லது கட்டையை மாற்றுங்கள். ஒயரும் அதன் உறையும் பழசாக இருந்தால் அதுவும் கை வலிக்கு ஒரு காரணம். எல்லாம் சேர்த்தாலும் புது சைக்கிளின் விலையில் ஒரு மூலைக்கு வராது. அப்புறம் முக்கியமான ஒன்று, தம்பி: ரிம்மின் பக்கச் சுவரில் பிரேக் பிடிக்கும் இடம் உள்வாங்கிக் குழிந்திருக்கிறதா என்று ஒரு நேர் அளவுகோலை வைத்துப் பாருங்கள். பல ரிம்களில் அதற்கென்றே ஒரு கோடு வெட்டியிருப்பார்கள். அந்தக் கோடு தேய்ந்து மறைந்திருந்தால் ரிம்மையே மாற்ற வேண்டும், டேப் உதவாது. இதைப் படத்தில் பார்த்து என்னால் சொல்ல முடியாது. கையில் பிடித்துப் பார்க்கும் ஒரு மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

தண்ணீர் ஊற்றுவது பற்றி. அலுமினிய ரிம்முக்கு அந்தச் சூட்டில் தண்ணீரால் கெடுதல் ஒன்றும் இல்லை, விரிசல் விடும் என்பது வெறும் பயம். பாட்டிலிலிருந்து ஊற்றினால் பெரும்பகுதி வழிந்து தரையில் போகும்; நனைந்த துணியால் சக்கரத்தைச் சுற்றித் துடைத்தால் குறைந்த தண்ணீரில் சீக்கிரம் ஆறும். கிளம்பியதும் முதல் பிடி வழுக்கும் என்பதை மட்டும் ஞாபகம் வைத்து, உருள ஆரம்பித்தவுடனே லேசாகப் பிடித்து ஈரத்தை ஓட்டிவிடுங்கள். டிஸ்க் தட்டில் மட்டும் ஊற்றாதீர்கள். மெல்லிய எஃகு, ஒரு பக்கம் மட்டும் சட்டென்று குளிர்ந்தால் நெளியும். நெளிந்த தட்டு ஒவ்வொரு சுற்றுக்கும் கட்டையில் உரசும்.